அண்ணாச்சி மூக்கில் இருந்தது காளான்

வெட்கத்தை விட்டு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். போன புதன்கிழமை காலை எங்கள் மார்க்கெட் பேச்சிமுத்து என் வெற்றிலைக் கடைக்கு ஓடிவந்து, “சுடலைமுத்து அண்ணாச்சி தவறிட்டாருவே” என்றபோது, “எந்தச் சுடலைமுத்து?” என்று கேட்டேன். பதினெட்டு வருஷம் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். “நம்ம மூக்கையாவே” என்றான். அப்புறம்தான் விளங்கியது. அந்தப் பட்டப்பெயரை வைத்தவனே நான்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணாச்சி பம்பாய் மாட்டுங்கா மார்க்கெட்டில் வெற்றிலை வியாபாரி. தாராவியிலிருந்து நடந்தே வந்து, ஈரச் சாக்கை விரித்து, கூடையைக் கவிழ்த்து அழுகல் பொறுக்குவார். பொறுக்கிய விரலாலேயே நடுநடுவே ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. கவுளிக்கு நூறு இலை என்றால் நூறும் முழு இலை. “கல்யாணத் தட்டுல ஓட்டை இலை போனா, பொண்ணைப் பெத்தவன் மூஞ்சி என்னத்துக்கு ஆவும்?” என்பார். மாட்டுங்காவில் பாதிக் கல்யாணத்துக்கு அவர் இலைதான்.

பாகிஸ்தானோடு சண்டை வந்து ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டின வருஷம் அவருக்கு மூக்கடைத்தது. பிறகு மூக்கு, கன்னம், மேலுதடு எல்லாம் கல் மாதிரித் தடித்தன. வலி கிடையாது. பொடிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னோம். டப்பியைச் சாக்கடையில் எறிந்தார். வீக்கம் வடியவில்லை. நான் சும்மா இருந்தேனா? “மூக்கு மொதல்ல வருது, நீங்க பின்னால வாறீய அண்ணாச்சி” என்றேன். அவர் சிரித்தார். மற்றவர்கள் பெருவியாதி என்று குசுகுசுத்தார்கள். மகள் கல்யாணத்துக்கு ஐம்பது கவுளி சொல்லியிருந்த ஐயர் மாமா ஒருவர் வந்து, “தப்பா நெனச்சுக்காதீங்கோ. மங்கள காரியம், ஆத்துல வேண்டாங்கறா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்கு இந்தி பேச நான் துணைக்குப் போனேன். இரண்டு டாக்டர்கள் முகத்தில் ஊசியால் குத்தினார்கள். வலிக்கிறது என்றதும், தொழுநோய் இல்லை, போ என்றார்கள். வேறென்ன என்று அவர்களுக்கும் தெரியவில்லை. மூன்றாவதாகப் பார்த்தவர் ஒரு மராத்திக்கார அம்மா. மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, என்ன தொழில் என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. மூக்குக்குள்ளிருந்து மிளகளவு சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் தெரிந்தது: காளான். அழுகின இலையிலும் ஈர மண்ணிலும் இருக்கிற பூஞ்சை, மூக்கு வழியாக ஏறிச் சதைக்குள் படர்ந்திருக்கிறதாம். தானே இப்போதுதான் முதல்முறை பார்ப்பதாகச் சொன்னார் அந்த அம்மா.

அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். “ஏ வேலாயுதம், எனக்குக் கொணமாவுமான்னு பொறவு கேளு. என் இலையை வாங்குதவங்களுக்கு ஒட்டுமான்னு மொதல்ல கேளு.”

ஒட்டாது என்றார் டாக்டர்.

“அப்ப அதை எழுதித் தரச் சொல்லு.”

எழுதித் தந்தார். அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டச் சொன்னது நான். வினை அங்கேதான். அதுவரை ஒன்றும் தெரியாதவர்களும் என்ன காகிதம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லாதவன் எதற்கு டாக்டர் சீட்டை மாட்டுகிறான் என்றார்கள்.

உப்புக் கரிக்கிற அயோடின் மருந்தைப் பாலில் கலந்து எட்டு மாதம் குடித்தார். பழைய முகம் திரும்பி வந்தது. பழைய கிராக்கி வரவில்லை. கல்யாண ஆர்டரெல்லாம் எனக்கு வந்தது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. “வாங்கிக்கலே, இலை என்ன பாவம் பண்ணிச்சு” என்றார் அண்ணாச்சி.

அதன் பிறகு பான் கடைகளுக்குக் கூடை சுமந்தார். அங்கே இலை போட்டவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் முகூர்த்த நாள் வந்தால், யாராவது கல்யாணத்துக்குக் கேட்டு வருவார்கள் என்று பத்துக் கவுளி தனியாகப் பொறுக்கி, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருப்பார். சாயங்காலம் அதுவும் பான் கடைக்கே போகும். இப்போது தங்கமான மனுஷன் என்கிறோம். அந்தப் பத்தில் ஒரு கவுளியை ஒருத்தராவது வாங்கினோமா? நானும்தான் வாங்கவில்லை.

மஞ்சக்காமாலையில் போய்விட்டார். அண்ணாச்சி, நல்லபடியாகப் போங்க. உங்களைப் பார்த்துச் சிரித்த என் வாய்க்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

சுடுகாட்டில் சடங்கு செய்தவர் வெற்றிலை கேட்டார். வெற்றிலை வியாபாரிகள் பதினோரு பேர் நின்றிருந்தோம். வேறு யாராவது கொண்டுவருவார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம். பேச்சிமுத்து வெளியே பான் கடைக்கு ஓடினான். வெறும் இலை தீர்ந்துவிட்டதாம். சுண்ணாம்பும் காசுக்கட்டியும் தடவி மடித்த பீடா இரண்டு கிடைத்தது. பிரித்துத் துடைத்து வைத்தோம்.