வேலி தாண்டிய துளசி

இன்று சாவகச்சேரிச் சந்தையில் துளசி விற்பவரைக் கடந்தபோது எனக்குப் பசியெடுத்தது. காரணம் அப்பம்மா. இத்தாலியில் பிறந்து, கப்பலில் வேலை செய்த அப்பப்பாவைக் கட்டிக்கொண்டு கோப்பாய்க்கு வந்து, தொண்ணூறு வயது தாண்டி அங்கேயே கண்மூடியவர். கிணற்றடிக் குசினியில் மீனும் தக்காளியும் கொதிக்கும் மண்சட்டிக்குள், அயல்வீட்டுப் பாக்கியம் மாமியின் வேலியால் எட்டிப்பார்க்கும் துளசியைக் கிள்ளிப் போடுவார். அவர் பிறந்த ஊரில் கறிக்குப் போடும் ஓர் இலைக்கும் ஏறக்குறைய அதே வாசமாம். அந்த ஆவியும் தண்ணி அள்ளும் துலாவின் கிரீச்சொலியும்தான் என் பின்னேரங்கள்.

ஒருநாள் மாமி கண்டுவிட்டார்.

“அக்கா, உது சாமிச் செடியெல்லோ. மீனுக்கே போடுறியள்?”

“தெரியும் பிள்ளை. உந்த வாசம் வந்தா என்ரை கை சொல்லுக் கேக்குதில்லை.”

இரண்டு நாள் மாமி எங்களோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு துளசிக் கன்றோடு வந்து, எங்கள் குசினி வாசலில் தானே நட்டார்.

“இதுக்கு நான் விளக்கு வைக்கேல்லை. நீங்கள் கறிக்குப் போடுங்கோ.”

போரில் நாங்கள் இடம்பெயர்ந்து பல வருடங்கள் கழித்துத் திரும்பியபோது குசினியும் இல்லை, வேலியும் இல்லை, மாமியும் இல்லை. இரண்டு வீட்டு வளவும் ஒன்றாகித் துளசி மண்டிக் கிடந்தது. எது விளக்கு வைத்த செடியின் வித்து, எது கறிச்செடியின் வித்து என்று தெரியாததால், அப்பம்மா சாகும்வரை அதில் ஓர் இலைகூடக் கிள்ளவில்லை.