கெசாயா அண்ணியும் கக்கூஸ் கதவும்

ஜிப்சிகளான நாங்கள் குடியிருக்கும் வண்டிகளை நிறுத்த ஓர் இடம் ஒதுக்கக் கவுன்சிலுக்குப் பதினோரு வருஷம் ஆனது. அதைக்கூட மன்னித்துவிடுவேன். வண்டிகளுக்குப் பக்கத்தில் கட்டும் சமையலறைக்குள்ளேயே கக்கூஸ் கதவை வரைந்து வைத்தார்களே, அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

வரைபடத்தைப் பார்த்த கெசாயா அண்ணி, "நான் ரோட்டோரத்துலயே கெடக்கேன்" என்றாள். எங்களில் மூத்தவள் அவள்; அவள் மறுத்தால் யாரும் போகமாட்டோம், இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

சமாதானம் பேச கிளைவ் என்ற கவுன்சில் அதிகாரி சேற்றில் நடந்து வந்தார். வந்தவர் கப் கழுவும் பாத்திரத்தில் கை கழுவிவிட்டார். வாய் வைக்கும் கப்பைக் கழுவுவதில் கை கழுவினால் எங்களுக்குத் தீட்டு; மூன்று வயசுப் பிள்ளைகூட அதைச் செய்யாது. அண்ணி பாத்திரத்தைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள்.

"ஏம்மா, நல்ல பாத்திரமாச்சே!" என்றார் கிளைவ்.

"நீங்க கைய விடுற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. கைக்கே பாத்திரம் போச்சு. உங்க கக்கூஸுக்கு நான் அடுப்பையே இல்ல தூக்கி எறியணும்?"

கிளைவ் காதுவரை சிவந்துபோனார். அடுத்த மாதம் வந்த வரைபடத்தில் கக்கூஸ் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. புதுப் பாத்திரம் ஒன்றும் வாங்கி வந்தார். அதில் அண்ணி நாய்க்குத் தண்ணீர் வைத்தாள்.

ஒன்பது வருஷம் அங்கே ராணி மாதிரி இருந்தாள். போன டிசம்பரில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். கட்டிலுக்கு இரண்டடியில் கக்கூஸ் கதவு, நடுவில் சாப்பாட்டு மேசை. என்னைக் கிட்டே கூப்பிட்டாள். அவள் கடைசியாகச் சொன்ன வேலை இதுதான்:

"கொழுந்தனாரே, அந்தக் கிளைவுக்கு ஒரு போனைப் போடுங்க. இந்த ஆஸ்பத்திரிய எவன் வரஞ்சான்னு கேளுங்க."