கோர்ட்டுப் பட்டம்மாள்

பெருக்கிய இடத்தையே மூன்றாம் தடவையாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள் பட்டம்மாள். வேலூர் கோர்ட்டு வராந்தாவில் தூசி எப்போதோ போய்விட்டது; உள்ளே கேஸ் முடியவில்லை. பெண்டாட்டியை அடித்தவன், பிள்ளைக்குச் சூடு வைத்தவன் என்று விசாரணைக்கு வந்துவிட்டால் அவள் துடைப்பம் வாசற்படியை விட்டு நகராது.

எழுத்து தெரியாது. செக்ஷன் நம்பரெல்லாம் காதால் ஏறியவை. மறந்துவிடுமோ என்ற பதைப்பில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே நடப்பாள். லாங் பஜாரில் எதிரே வருகிறவனைக் காட்டி, "தோ போறான் பாரு, முன்னூத்தி இருவத்தி மூணு" என்பாள். வீட்டில் கை நீட்டுகிறவன் என்று அர்த்தம்.

மூன்று வீடு தள்ளி வேலாயுதம். தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அவனுடைய நாலு வயது மகள் செல்லி ஓயாமல் இருமுவாள்; அந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது. போன கார்த்திகைக் கடை ஞாயிறன்று அவளை விரிஞ்சிபுரம் கோயில் திருவிழாவுக்குத் தூக்கிப் போனவன் தனியாகத் திரும்பினான். "கூட்டத்துல தப்பிப் போச்சு" என்றான். "தேடினியா?" என்று கேட்ட மனைவி அமிர்தவள்ளிக்கு உதடு கிழிந்தது.

விடிந்ததும் பட்டம்மாள் விரிஞ்சிபுரத்துக்கு நடந்தாள். வளையல் கடை மஹ்பூபியின் கூடைக்குப் பக்கத்தில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தது குழந்தை.

"அப்பங்காரன் குந்த வெச்சிட்டுத் திரும்பிகூடப் பாக்காம போய்ட்டான். நான் கூப்ட்டேன், நிக்கல" என்றாள் மஹ்பூபி.

"இத கோர்ட்ல வந்து சொல்லுவியாக்கா?"

"சொல்றேன். எனக்கு இன்னா பயம்?"

ஸ்டேஷனில் ஏட்டு சலித்துக்கொண்டார். "வூட்டு விவகாரத்த இங்க இன்னாத்துக்கு இட்டுனு வர்ற?"

"பன்னண்டு வயசுக்குள்ள இருக்கிற புள்ளைய பெத்தவனே வுட்டுட்டு வந்தா அது வூட்டு விவகாரம் இல்லீங்க. முன்னூத்திப் பதினேழு. ஏழு வருசம் வரைக்கும் போடலாம்." ஏட்டு பேனாவை எடுத்தார்.

அமிர்தவள்ளிதான் தயங்கினாள். "அவரு உள்ள போய்ட்டா நாங்க இன்னாக்கா பண்றது?"

அதற்குப் பட்டம்மாளிடம் செக்ஷன் இல்லை. "தெரியலடி" என்றாள். "ஆனா நீ அவன காப்பாத்திட்டா, அடுத்த தடவ இன்னும் தூரமா வுட்டுட்டு வருவான்."

கேஸ் வரும்வரை பட்டம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடி இருந்தாள். கூண்டில் ஏறிய அமிர்தவள்ளி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பிறகு, "அவருதாங்க வுட்டுட்டு வந்தாரு. வேணும்னுதான்" என்றாள். வேலாயுதத்துக்கு ஒரு வருஷம்.

அன்று முதல் தெருவில் அமிர்தவள்ளியோடு யாரும் பேசவில்லை. "புருசன உள்ள தள்ளுனவ" என்று காதுபடச் சொன்னார்கள். குழாயடியில் அவள் குடத்தை ஒவ்வொருத்தியாகக் காலால் பின்னுக்குத் தள்ளினார்கள். நாலு நாள் பட்டம்மாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் காலை வரிசையில் முதலாவதாக இருந்த தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிக்கு நடந்தாள். அதை அங்கே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த அமிர்தவள்ளியின் குடத்தை எடுத்துவந்து, யார் முகத்தையும் பார்க்காமல், குழாய்க்கு நேரே வைத்தாள்.