வெள்ளைப் புடவையும் உயிரோடிருந்த கொளஞ்சியப்பனும்

நைனார்பாளையத்தில் பெரியநாயகிக்குக் குரல் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. வீட்டில் கணவர் கொளஞ்சியப்பன் பேசிக்கொண்டே இருப்பார். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படியே ஓடிவிட்டது.

மரவள்ளிக் காட்டில் கூட வேலை செய்யும் பூமாலைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சின்னசேலத்துப் பெந்தெகொஸ்தே சபைக்கு அழைத்துப் போனாள். அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபித்தார்கள். யாரும் யாரையும் அடக்கவில்லை. பெரியநாயகியும் மெல்ல ஆரம்பித்து, தகரக் கூரை அதிரக் கத்தித் தீர்த்தாள். திரும்பும்போது தொண்டை கட்டியிருந்தது, மனம் லேசாகியிருந்தது. அதன்பின் ஒரு வாரமும் தவறவில்லை.

கொளஞ்சியப்பன் முதலில் கண்டுகொள்ளவில்லை. நெற்றிப் பொட்டு போனபோது முணுமுணுத்தார். தலைப் பூ போனபோது சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஞானஸ்நானத்துக்கு என்று அவள் வெள்ளைப் புடவை வாங்கி வந்ததும் வெடித்துவிட்டார்.

“நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அதுக்குள்ள வெள்ளப் பொடவயா? ஊரு இன்னாடி சொல்லும்?”

“சபையில புருஷன் இருக்கறவங்களும் அதாங்க கட்டுவாங்க.”

“அந்தப் பொடவயோட வாசல தாண்டினா, திரும்ப வூட்டுக்குள்ள வராத.”

அவள் சண்டை போடவில்லை. ஞாயிறு காலை அவருக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, வெள்ளையைக் கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். இன்று தண்ணீரில் இறங்காவிட்டால் இனி எப்போதும் இறங்க விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். பஸ் நகர்ந்த பிறகுதான் பார்த்தாள்: பின்படியில் அவர் நின்றிருந்தார். கையைப் பிடித்து இழுத்துப் போகத்தான் வந்திருக்கிறார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

முன்சீட்டில் கத்தரிக்காய்க் கூடையோடு இருந்த அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். முந்தானையைப் போர்த்தியிருந்ததால் தாலி அவள் கண்ணில் படவில்லை.

“குந்தும்மா. பாவம், சின்ன வயசாத்தான் இருக்க. எப்போ தவறினாரு?”

இன்றைக்குப் போய்ப் பொய் சொல்ல முடியுமா? “தவறலம்மா. பின்னாடி படியாண்ட நிக்கிறாரு.”

அம்மாள் திரும்பினாள். அவளோடு பஸ்ஸே திரும்பியது.

“அந்த மீசக்காரரா? நல்லா திடமாத்தான இருக்காரு!”

“நான் இன்னும் போகலம்மா!” என்று கத்தினார் கொளஞ்சியப்பன். “தோ, டிக்கெட்டுக்குக் காசு வெச்சிக்கினு நிக்கிறேன்.”

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். “பொம்பளைங்களுக்கு ஃப்ரீ. செத்தவங்களுக்கு இன்னா ரேட்டுன்னு யாரும் சொல்லலியேண்ணே!”

பஸ் குலுங்கிச் சிரித்தது. பெரியநாயகியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பயந்து நிமிர்ந்தால், அவர் மீசையும் அடக்கிய சிரிப்பில் துடித்துக்கொண்டிருந்தது. முன்னால் வந்து, அவள் சீட்டை ஒட்டியே நின்றுகொண்டார்.

சின்னசேலத்தில் இறங்கியதும் அவள் கையைப் பிடித்தார். திரும்பிப் போகும் பஸ் பக்கத்திலேயே நின்றது. அவர் அதைப் பார்த்தார்; கூடைக்கார அம்மாளும் இறங்கி நின்று இவர்களையே பார்ப்பதைப் பார்த்தார்.

“நட,” என்றார். “நாலு பேரு பாக்கட்டும்.”

கடைத்தெரு முழுக்க அவள் பக்கத்திலேயே நடந்தார். முன்பின் தெரியாதவர்களையெல்லாம் “இன்னா, சௌக்கியமா?” என்று விசாரித்தார். அவள் சபைத் தொட்டித் தண்ணீரில் மூழ்கி எழுந்தபோது, காம்பவுண்டு சுவருக்கு மேல் அந்த மீசை தெரிந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டு வாசலைத் தாண்டினார்கள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவளோடு பஸ் ஏறுகிறார். சபைக்குள் கால் வைப்பதில்லை. எதிர் டீக்கடையோடு சரி. “உள்ளதான் வாங்களேன்” என்று அவள் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள்.

“அந்தக் கதையெல்லாம் வாணாம். நீ வெள்ளையக் கட்டிக்கினு தனியா போனா, எனக்குக் கருமாதிக்கு நாள் குறிச்சிடுவானுங்க. அதுக்குத்தான் வர்றேன். போ, போய் ஜெபம் பண்ணு.”