மூன்றாம் லயத்துக் காய்ச்சல்

ஜப்பான்காரன் போய் இரண்டு மாதமாகிறது. ஆனாலும் காலையில் சாக்கடையில் ஊற்றும் கொசு எண்ணெய் வாளியைத் தூக்கும்போது என் முதுகு தானாகக் கிழக்கே வளைகிறது. மூன்று வருஷமாக, சாக்கடையைத் திறக்குமுன் சக்கரவர்த்தி இருக்கும் திசைக்கு வணக்கம் போட்ட முதுகு அது. ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பாலோ ரப்பர் தோட்டத்தில் இருக்கும் எங்களுக்கோ, குனியாமல் நிற்பதுதான் இப்போது கூச்சமாக இருக்கிறது.

எட்டு வயதில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள் நான். எங்கள் ஊரில் குளம் ஒன்றுதான். மாடு குளிக்கும், துணி வெளுக்கும், குடிக்கவும் அதே தண்ணீர். அங்கே சுகாதாரத்துக்குப் பரீட்சை கிடையாது. பிழைத்தவர் எல்லாரும் பாஸ். இங்கே வந்துதான் சாக்கடையைப் பார்ப்பதற்கும் படிப்பு வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். பக்கத்து டவுன் குளுவாங் மிஷன் பள்ளியில் படித்து, வெள்ளைக்காரன் வைத்த சுகாதாரப் பரீட்சையில் தேறினேன். எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் அந்தச் சான்றிதழ் செல்லாது என்றான். வெள்ளைக்காரனிடம் பயின்றவளுக்குக் கொசுவும் வெள்ளைக்காரக் கொசுவாகத்தான் தெரியும் என்று நினைத்தானோ என்னவோ. புது லைசென்ஸ் வேண்டுமானால் ஜப்பானியக் கத்தகானா எழுத்து தெரிய வேண்டும், சக்கரவர்த்தி பாட்டைத் தப்பில்லாமல் பாட வேண்டும், அதற்குப் பிறகு மலேரியாவைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம். எனக்கு எரிச்சலாக இருந்தது. போகாமலே இருந்திருப்பேன். ஆனால் அந்த மாதம்தான் ஜப்பான்காரன் சயாம் காட்டில் போடும் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியல் வந்தது. அதில் அப்பா பெயர் இருந்தது. காய்ச்சல் கண்ட லயத்து வீட்டு வரிசையிலிருந்து மட்டும் ஆள் எடுக்கக்கூடாது என்று ராணுவ உத்தரவு. ரயிலில் நோய் பரவிவிடுமாம். காய்ச்சல் என்று எழுதிக் கொடிகட்டும் அதிகாரமோ லைசென்ஸ் உள்ளவருக்கு மட்டும். அன்றிரவே கத்தகானா படிக்க உட்கார்ந்தேன்.

பரீட்சை குளுவாங் ஆஸ்பத்திரியில் நடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம்; நான் ஒருத்திதான் பெண். பாட்டுப் பாடினோம், வணங்கினோம். பிறகு ஜப்பானிய டாக்டர், கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதச் சொன்னார். மொழிபெயர்க்க எங்கள் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி ஆரோக்கியசாமி வந்திருந்தார். பின்பக்கம் மரத்தடியில் ஒரு பெரிய மரத்தொட்டி. அது டாக்டர் வெந்நீர் வைத்துக் குளிக்கும் தொட்டி. அவர் பத்து நாள் வெளியூர் போயிருந்ததில் தண்ணீர் மாற்றாமலே கிடந்தது. மற்றவர்கள் கோயில் பிரகாரம் போல அதைச் சுற்றிவந்து, குறை ஏதுமில்லை என்று எழுதினார்கள். நான் நீளக்காம்புக் கரண்டியை உள்ளே விட்டேன். கொசுப்புழு துள்ளியது.

கிராணி ஓடிவந்தார். "கரண்டிய கீழ வை புள்ள. அது அவரு குளிக்கிற தொட்டி."

"கொசுவுக்கு அது தெரியாதுங்களே, கிராணி."

"சாகணும்னா தனியா போய்ச் சாவு லா. என்னையும் ஏன் இழுக்கிற?"

மொழிபெயர்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கரண்டியைக் கொண்டுபோய் டாக்டரின் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவர் வெகுநேரம் புழுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தொட்டியைக் கழுவ வேண்டியவனைக் கூப்பிட்டு அறைந்தார். அன்று தேறியது நான் ஒருத்திதான். உள்ளதை உள்ளபடி சொன்னதற்காக எனக்குக் கிடைத்த லைசென்ஸ் அது. அதை வைத்து நான் எழுதிய முதல் வரியே பொய்.

நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் லயத்துக்கு மலேரியா, ஆள் நடமாட்டம் கூடாது என்று எழுதினேன். கொடி கட்டச் சிவப்புத் துணி வேண்டும். அந்த நாளில் துணிக்கு எங்கே போவது? செத்துப்போன அம்மாவின் கூறைச் சேலை டிரங்குப் பெட்டியில் இருந்தது; என்றாவது ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோக அப்பா வைத்திருந்தது. அதைப் பாதியாகக் கிழித்தேன். அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லையே புள்ள. ஏன் காய்ச்சல்னு எழுதுற?"

"படிச்சவ எழுதினா அது காய்ச்சல்தான். படுங்கப்பா."

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் காய்ச்சலைக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். எல்லா லயத்துக்கும் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தோட்டம் முழுக்கக் காய்ச்சல் என்றால் டாக்டரே நேரில் வந்திருப்பார். நான்காம் லயத்திலிருந்து ஒன்பது பேர் லாரி ஏறினார்கள். திரும்பி வந்தது இரண்டு பேர். அந்த லயத்துப் பெண்கள் இன்றைக்கும் தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது வெள்ளைக்காரன் திரும்பிவிட்டான். ஜப்பான் லைசென்ஸ் செல்லாது, பழைய சான்றிதழும் காலாவதி என்கிறான். ஜப்பான் கொசு வேறு ஜாதி போலும். மறுபடி பரீட்சை. அதற்கு முன் பழைய பதிவேடுகளைக் காட்ட வேண்டும். போன வாரம் புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர் என் பதிவேட்டைப் புரட்டினார். மூன்றாம் லயத்தில் ஒரு வாரம்கூடக் காய்ச்சல் நிற்கவில்லையே, நீ கொசுவை ஒழித்தாயா, வளர்த்தாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். உண்மையைச் சொன்னால் பொய்ப் பதிவு எழுதியவள்; இந்த ஜன்மத்தில் லைசென்ஸ் கிடையாது. சொல்லாவிட்டால் வேலை தெரியாதவள். அந்த லயத்துச் சாக்கடையில் ஒரு புழுவைக் கண்டுபிடித்துவிட முடியுமா என்று கேட்க நாக்கு துடித்தது. "கொசு அதிகம், ஐயா," என்றேன். வேலை திருப்தியில்லை, அடிப்படையிலிருந்து பயில வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் பெயில்.

வீட்டுக்கு வந்தபோது, ஒரு வருஷம் காய்ச்சலில் கிடந்தவர் வாசலில் உட்கார்ந்து பால்வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. பரீட்சை விண்ணப்பத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது: பாலோவா, மன்னார்குடியா? எழுந்துபோய், இனி எதற்கென்று தூணில் இருந்த கொடியை அவிழ்க்கப் போனேன். வெயிலிலும் மழையிலும் வெளுத்து அது சிவப்பா, சாம்பலா என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்திருந்தது.

"இருக்கட்டும் புள்ள," என்றார் அப்பா. "அடுத்து எவன் வர்றானோ."

அவிழ்க்கவில்லை. அம்மாவின் சேலையில் ஒரு பாதி பாலோ காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. மறுபாதி சிவப்பு மாறாமல் பெட்டியில் மடித்திருக்கிறது, மன்னார்குடிக்குப் போகும் கப்பலுக்காக.