என் ஓட்டு ஊரில் இருக்கிறது

காலையில் மராத்தியில் ஒன்று, மதியம் இந்தியில் ஒன்று. 'அன்பு வாக்காளரே' என்று தினமும் வேட்பாளரின் மெசேஜ். பிளாக் செய்தால் வேறு நம்பரிலிருந்து வருகிறார்.

இன்று தாராவியில் எங்கள் சந்து முனையில், அந்த வேட்பாளரின் கட்சிக்கு வேலை பார்க்கும் முருகன் மாட்டினான்.

"தம்பி, எனக்கு மெசேஜ் அனுப்பாதீங்கப்பா. இங்க எனக்கு ஓட்டே கெடையாது. திருநெல்வேலியிலதான் இருக்கு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்லக்கூடாதாக்கா? நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டான். சாயங்காலம் அதே கட்சியின் திருநெல்வேலி வேட்பாளரிடமிருந்து தமிழில் மெசேஜ் வந்தது: 'ஓட்டுப் போட ஊருக்கு வாங்க! தாராவியிலேயே பஸ் ஏறலாம்.'

மராத்தியும் இந்தியும் நிற்கவில்லை. ஊரெல்லாம் சண்டை போடும் மும்மொழித் திட்டம், என் போனில் அமலுக்கு வந்துவிட்டது.

உங்கள் போன் எத்தனை மொழியில் கும்பிடுகிறது?