துரு தின்னாத நூல்

டிராமில் முன்னால் நிற்பவரின் முதுகுப்பை வாரைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் கெர்லிண்டே மௌரர். பைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினாலும் மன்னிப்புக் கேட்பதில்லை. "மிஷின்ல ஓட்டினது. ஒரு வருஷம் தாங்கினா பெரிசு," என்று சொல்லிவிட்டு வாரை விடுகிறார். நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள அந்தச் சிறு நகரத்தில் பலருக்கு இது பழகிவிட்டது. ரொட்டிக் கடைக்காரி அவரைக் கண்டதுமே தன் மேலங்கி நாடாவை நீட்டுவாள்: "முதல்ல இதப் பாத்துடுங்க டாக்டரம்மா, அப்புறம் ரொட்டி தரேன்."

நகர அருங்காட்சியகத்தில் டாக்டரம்மா ஆராய்வது, பழங்காலத்தில் அந்தப் பகுதியில் வாழ்ந்த கெல்ட்டிய இனத்தாரின் துணி. நான்கு மூலையிலும் துளையிட்ட சிறு சதுரச் சில்லுகளில் நூல் கோத்து, அவற்றைக் கையால் புரட்டிப் புரட்டி நாடாவும் ஆடையின் கரையும் நெய்தவர்கள் அவர்கள். சில்லுகள் மக்கிப்போயின. கம்பளியும் மக்கியது. ஆனால் கல்லறையில் இரும்போடு ஒட்டிக் கிடந்த இடங்களில், நூல் அழிவதற்குள் துரு அதன் உருவத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. அந்தத் துருவுக்குத்தான் கெர்லிண்டே காவல்.

"தங்கம்னா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க. துணின்னா 'துணுக்கு'ன்னு எழுதி டப்பாவுல போட்டு மூடிடறாங்க!" அருங்காட்சியகத்தின் உணவறையில் பருப்புக் குழம்பைச் சாப்பிடும்போதும் இதே பேச்சு. கோபம் ஏற ஏறக் கரண்டியின் வேகமும் ஏறும். எதிரில் அமர்பவர்கள் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வார்கள்.

சென்ற வசந்தத்தில் ஒரு நாள் பட்டறைக் கதவைத் திறந்தவர் அப்படியே அலறிவிட்டார்.

"அடப்பாவி மனுஷா, நிறுத்துய்யா!"

உலோகங்களைச் செப்பனிடும் ஃபோல்கர், கெல்ட்டியத் தலைவன் ஒருவனின் கல்லறையில் கிடைத்த இரும்புக் குத்துவாள் உறையைச் சின்னஞ்சிறு இயந்திரத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். உறையின் ஒரு முகம் முழுவதும் பளபளத்தது. மேசையில் செம்பழுப்புத் தூள்.

"வெறும் துருதானே, கெர்லிண்டே? கண்காட்சிக்குப் பளிச்சுன்னு வேணும்னு டைரக்டர் சொன்னாரு..."

 கெர்லிண்டே உறையைப் பிடுங்கி, இன்னும் சுரண்டாத மறுமுகத்தை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தார். துருவில், கோதுமைக் கதிர் போல, பக்கத்துப் பக்கத்து நூல்கள் எதிரெதிராக முறுக்கேறிக் கிடந்தன. சில்லு நெசவேதான். அவர் கண்கள் நிறைந்தன. மேசையிலிருந்த தூளைப் பார்த்ததும் மறுபடி கோபம் வந்தது. உறையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, படியேறி டைரக்டர் ரோஸ்லரின் அறைக்குப் போனார்.

"ஒரு அழுக்குப் பக்கத்துக்கா இந்தக் குதி குதிக்கறீங்க?" என்றார் ரோஸ்லர்.

"அழுக்கா? இங்க பாருங்க, முறுக்கு திசை மாறுது. சில்லுகளை முன்பக்கமா புரட்டிக்கிட்டே வந்த கை, இங்க நிறுத்திப் பின்பக்கமா புரட்டியிருக்கு. இதோ, ஒரே ஒரு சில்லை மட்டும் புரட்ட மறந்துபோச்சு. உங்க தலைவன் பேரு தெரியுமா ஐயா? தெரியாது. மூஞ்சி? அதுவும் தெரியாது. ஆனா நெய்தவங்க ஒரு நிமிஷம் அசந்து போனது ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கழிச்சு நமக்குத் தெரியுது. அதப் போய்ச் சுரண்டச் சொல்றீங்களே!"

ரோஸ்லர் பாதி இறங்கி வந்தார். மீதியைச் சுரண்ட வேண்டாம்; ஆனால் பளபளக்கும் முகம்தான் பார்வையாளர் பக்கம். துரு சுவரைப் பார்த்துக் கிடக்கும். கெர்லிண்டே எவ்வளவு வாதாடியும் அதற்குமேல் அசையவில்லை.

கண்காட்சித் திறப்பு விழா மாலையில் நகரமே திரண்டிருந்தது. ரோஸ்லர் மேடையில் தலைவனின் வீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கெர்லிண்டே உறை இருந்த கண்ணாடிப் பெட்டியின் அருகே உதட்டைக் கடித்தபடி நின்றார். ஃபோல்கர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பட்டறை நாளுக்குப் பிறகு அவர் கெர்லிண்டேயின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.  பெட்டியின் சாவியைக் கெர்லிண்டேயின் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு நகர்ந்தார்.

கெர்லிண்டே கையுறை மாட்டினார். பெட்டியைத் திறந்தார். உறையைக் குழந்தையைப் புரட்டுவது போலப் புரட்டி, துரு முகம் மேலே தெரியும்படி வைத்துப் பூட்டினார். மேடையில் பேச்சு நின்றது. ஊரே திரும்பிப் பார்க்க, சாவியைத் தன் சட்டைக் கழுத்துக்குள் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டியபடி கண்ணாடிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.